மேடம் சொல்லாத வழி

காரின் திரையில் அன்று காலை ஒரு கட்டம் வந்து நின்றது. கட்டத்துக்குள் ஆறு வரி ஆங்கிலம். அதற்குக் கீழே சின்னதாக ஒரு பொத்தான்.

நூர் முகமது சாவியைத் திருப்பி அணைத்தார். பிஸ்மில்லா சொல்லி மறுபடி திருப்பினார். கட்டம் மறுபடி வந்தது. நான்கு வருடமாக இந்த வண்டியை வைத்திருக்கிறார். இப்படி ஒன்று அவர் கண்ணில் பட்டதே இல்லை.

பாகலூர் வட்டாரத்தில் பிரியாணி என்றால் நூர் முகமது பாய்தான். கிருஷ்ணகிரியில் அன்றைக்கு அவருடைய மச்சினி மகள் மஹீனுக்கு நிக்காஹ். ஒரு மணிக்குப் பந்தி. முந்நூறு பேர். பத்து மணிக்காவது அடுப்பு மூட்டியாக வேண்டும். அண்டா, கரண்டி, வேலையாட்கள் எல்லாம் முந்தின நாளே வேனில் போயாயிற்று. தங்கச்சி வீட்டுக் கல்யாணம் என்பதால் அவர் மனைவி ரஹமத் பீவியும் அந்த வேனிலேயே போய்விட்டாள். பாகலூரில் அன்றிரவு ஒரு பெயர் சூட்டு விழாவுக்கு அவர்கள் வீட்டு அண்டாவிலேயே சமைத்துக் கொடுத்துவிட்டு, அதிகாலை சுபுஹு தொழுகை முடிந்ததும் கிளம்பி வருவதாக அவர் சொல்லியிருந்தார். எப்போதும் ரஹமத் பீவி உட்காரும் பக்கத்து சீட்டில் இப்போது மசாலா டின் உட்கார்ந்திருந்தது. டிக்கியில் புதினாக் கட்டும் கொத்தமல்லிக் கட்டும் நிரம்பி வழிந்து, மூடி மூடாமல் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

தெருமுனையில் கம்பெனி பஸ்ஸுக்காகச் சீருடையில் நின்றுகொண்டிருந்தாள் எதிர்வீட்டு சௌமியா.

"கண்ணு, இத்த கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்."

அவள் ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே விட்டாள். "கனெக்டட் சர்வீஸ் எல்லாத்தையும் நிறுத்திட்டாங்களாம் அங்கிள்."

"அப்படின்னா?"

"எங்க டிராபிக், எங்க மழை, அந்த மாதிரி அப்பப்ப வர்ற நியூஸ் இனிமே வராது. வழி மட்டும் சொல்லும். அதுவும் பழைய மேப்தான். பழைய மாடலுக்கெல்லாம் இப்படித்தான் கைகழுவிடறாங்க. கீழ இன்னும் ஏதோ போட்டிருக்கு, இருங்க..."

பஸ் வந்து ஹாரன் அடித்தது. சௌமியா சட்டென்று அந்தச் சின்னப் பொத்தானை அமுக்கிவிட்டு ஓடினாள். ஓடிக்கொண்டே கத்தினாள்: "போன்ல மேப் போட்டுக்கோங்க அங்கிள்!"

நூர் முகமது அப்படியே உட்கார்ந்திருந்தார். போனில் பேசுகிறவள் ஊருக்கெல்லாம் வழி சொல்கிறவள். காருக்குள் பேசுகிற இவள் அவருக்கு மட்டும் சொன்னவள். இரண்டும் ஒன்றாகுமா?

பெங்களூர் டாக்டர் ஒருவர் ஓட்டி முடித்த வண்டியை நான்கு வருடத்துக்கு முன்னால் வாங்கியபோது, உள்ளே இப்படி ஒரு அதிசயம் இருப்பது அவருக்குத் தெரியாது. திரையில் நீலக்கோடு ஒன்று நெளியும். ஒரு பெண்குரல் சன்னமான ஆங்கிலத்தில் பேசும். லெப்ட், ரைட் இரண்டும் நூர் முகமதுவுக்கே புரியும். மிச்சத்தை, பெங்களூரில் பத்தாவது வரை படித்த ரஹமத் பீவி தமிழில் சொல்லிக்கொண்டு வருவாள். அவர் பிஸ்மில்லா சொல்லிச் சாவியைத் திருப்பும்போதே அவள் முக்காட்டு நுனியால் திரையைத் துடைத்துவிடுவாள். வீட்டில் அந்தக் குரலுக்கு 'மேடம்' என்று பெயர்.

மேடம் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்த்ததில்லை. கெலமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது வானம் துடைத்துவிட்டது போலிருந்தது. மதியம் மழை வரும், தார்ப்பாய் எடுத்துக்கொள் என்றாள் மேடம். எடுத்துக்கொண்டார். பெய்த மழையில் பந்தலே மிதந்தது. அவர் அடுப்பு மட்டும் அணையவில்லை. இன்னொரு முறை, சூளகிரிக்கு அந்தப் பக்கம் தக்காளி லாரி கவிழ்ந்து ரோடு முழுக்கச் சட்னியாகக் கிடப்பதை ஓசூரிலேயே சொல்லிவிட்டாள். அத்திப்பள்ளியில் போலீஸ் மரத்துக்குப் பின்னால் நிற்பதைக்கூடச் சொன்னாள். பூமிக்கு மேலே, பருந்துக்கும் மேலே, விமானத்துக்கும் மேலே எங்கேயோ இருட்டில் சுற்றிக்கொண்டிருக்கிற ஒரு இரும்புத் துண்டு, பாகலூர்க்காரன் ஒருவனுடைய பிரியாணி நனையக் கூடாது என்று கீழே குனிந்து பார்க்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு மயிர்க்கூச்செறியும். மனுசனுக்கு அல்லாஹ் எவ்வளவு அறிவைக் கொடுத்திருக்கிறான்!

இன்றைக்குப் பார்த்து அந்தக் கண்ணை மூடிவிட்டார்கள்.

ஓசூருக்குள் நுழைகிறபோதுதான் போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போனால் அரைமணி வீணாகும். யாரிடமாவது போன் வாங்கிப் பேசலாம் என்றால், ரஹமத் பீவியின் நம்பர் அவருக்கு மனப்பாடம் கிடையாது. போனில் 'வீடு' என்று இருக்கும். வீட்டை யாராவது மனப்பாடம் செய்வார்களா?

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கார்களுக்கு ஸ்பீக்கர், கேமரா எல்லாம் மாட்டிக் கொடுக்கிற பாலாஜி, கடை வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தான்.

"பாலாஜி, மேடத்த நிறுத்திட்டாங்கடா."

பாலாஜி வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தான். "ரீசெட் போட்டுப் பார்ப்போமா பாய்? வந்தா வரட்டும். இதோ இந்தச் சின்ன ஓட்டைல ஒரு குத்து குத்தணும். பின் இருக்குதா?"

பின் இல்லை. நூர் முகமது மசாலா டின்னைத் திறந்து, நல்ல நீளமான லவங்கம் ஒன்றை எடுத்து நீட்டினார். பாலாஜி அதை ஓட்டையில் விட்டுக் குத்தினான். லவங்கத்தின் காம்பு முறிந்து உள்ளேயே தங்கிவிட்டது.

"இப்ப?"

"இப்ப அத எடுக்க ஒரு பின் வேணும் பாய்."

பக்கத்து வீட்டில் ஒரு ஊக்கு வாங்கி வந்தார்கள். ஊக்கு லவங்கத்தை இன்னும் உள்ளே தள்ளியது. எங்கே பட்டதோ தெரியாது, திரை கறுத்து, வெளுத்து, மறுபடி உயிர் வந்தது. மொழிகளின் பட்டியல் ஒன்று வரிசையாக நின்றது. பாலாஜி ஆங்கிலத்தின் மேல் விரலை வைத்தான். பழைய திரை, விரலை ஒரு இடத்தில் வைத்தால் இன்னொரு இடத்தில் பட்டது. அடுத்த நொடி, வண்டிக்குள்ளிருந்து ஒரு ஆண்குரல் இடி இடித்தது போலப் பேசியது.

நூர் முகமது சீட்டிலிருந்து துள்ளினார். "யாருடா இவன்?"

"தெரியல பாய். ஆனா நல்ல குரல்."

"மேடம் எங்க?"

"உள்ளதான் இருப்பாங்க. ஆனா அவங்களக் கூப்பிடற பட்டன் எல்லாம் இவன் பாஷைக்கு மாறிப்போச்சு." பாலாஜி எதை எதையோ அமுக்கிப் பார்த்தான். ஒவ்வொன்றுக்கும் அந்த ஆள் ஒரு அதட்டல் போட்டான். கடைசியில் கிருஷ்ணகிரி என்று மட்டும் பாலாஜி எப்படியோ ஏற்றிக் கொடுத்தான். "இவன் வழி சொல்லுவான் பாய். என்ன சொல்றான்னுதான் தெரியாது."

ஏழு மணி. முப்பது வருடமாகப் போய்வருகிற நேர்ரோடுதான் அது. இருந்தாலும், யாரும் எதுவும் சொல்லாமல் அந்த ரோட்டில் போவது, கண்ணைக் கட்டிக்கொண்டு போவது போல நூர் முகமதுவுக்குப் பதற்றமாக இருந்தது. அந்தப் புதிய குரலோ ஒவ்வொரு வளைவுக்கும் ஏதோ முழங்கியது. என்ன கம்பீரம்! ஒரு வார்த்தை புரியாவிட்டாலும், இவ்வளவு உறுதியாகப் பேசுகிறவன் ஒன்றும் தெரியாமல் பேசமாட்டான் என்று பட்டது.

பேரண்டப்பள்ளி நிறுத்தத்தில் வெள்ளைச் சட்டையும் வெள்ளை பேண்டுமாக ராயப்பன் நின்றிருந்தார். நூர் முகமது பிரேக்கை ஓங்கி மிதித்தார்.

ஓசூரில் அவருக்கு ஜெர்மனி ராயப்பன் என்று பெயர். டூல்ரூமில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் கம்பெனி அவரை மூன்று மாதம் ஜெர்மனிக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. அந்த மூன்று மாதத்தை அவர் இன்னும் முழுதாகப் பேசி முடிக்கவில்லை. அவர் மகள் லிபியாவின் கல்யாணத்துக்கு நூர் முகமதுதான் சமைத்தார்.

"கிருஷ்ணகிரியாண்ணா?"

"ஆமா பாய். தங்கச்சி பேரனுக்கு ஞானஸ்நானம். பஸ்ஸே காணோம்."

மசாலா டின்னை மடியில் வைத்துக்கொண்டு ராயப்பன் ஏறி உட்கார்ந்தார். வண்டி நகர்ந்ததும் குரல் முழங்கியது. ராயப்பனின் முகம் மாறியது.

"பாய்... இது ஜெர்மன்!"

நூர் முகமதுவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஒரு வாசலை அடைத்தவன் இன்னொரு வாசலைத் திறந்திருக்கிறான். ஜெர்மன் பேசுகிற வண்டிக்கு, பேரண்டப்பள்ளி பஸ் நிறுத்தத்திலேயே ஜெர்மன் தெரிந்த ஆளை நிறுத்தி வைத்திருக்கிறான்!

"என்ன சொல்றாண்ணா?"

ராயப்பன் சற்று நேரம் காதைச் சாய்த்துக் கேட்டார். "நேராப் போகச் சொல்றான்."

"டிராபிக் பத்தி எதாச்சும்?"

"ம்... ரோடு காலியாத்தான் இருக்குங்கறான். தாராளமாப் போலாமாம்."

"பாத்தீங்களா! இங்கிலீஷ்ல நிறுத்திட்டாங்க, ஜெர்மன்ல நிறுத்தல. ஜெர்மன்காரன் ஜெர்மன்காரன்தான்."

"அவங்க ஒரு வேலைய எடுத்தா நடுவுல விடமாட்டாங்க பாய். நான் அங்க இருந்தப்ப..."

ராயப்பன் ஜெர்மனியில் இறங்கி முதல் நாள் பனி பார்த்ததைச் சொல்லி முடிப்பதற்குள் சூளகிரி தாண்டிவிட்டது. தாண்டியதும் வண்டி நின்றது. முன்னால் லாரி, லாரிக்கு முன்னால் பஸ், பஸ்ஸுக்கு முன்னால் கண்ணுக்கு எட்டியவரை வண்டிகள். தூரத்தில் ஒரு பெரிய கிரானைட் கல், லாரியிலிருந்து உருண்டு ரோட்டின் குறுக்கே யானை மாதிரி படுத்திருப்பதாகப் முன்னாலிருந்து திரும்பி வந்த பைக்காரன் சொன்னான்.

"காலின்னு சொன்னானேண்ணா?"

ராயப்பன் தொண்டையைச் செருமினார். "அவங்க ஊர் கணக்குல இது காலிதான் பாய்."

முக்கால் மணி நேரம் வண்டிகள் முக்கி முனகி நகர்ந்தன. நூர் முகமதுவின் மனதில் முந்நூறு இலைகள் வெறுமையாக வரிசை கட்டின. எட்டே கால். அந்த நேரத்தில் குரல் திடீரென்று மூன்று முறை ஒரே விஷயத்தைச் சொன்னது.

"என்னவாம்? என்னவாம்?"

ராயப்பன் நூர் முகமதுவின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்த்தார். பிறகு இடது பக்கம் தெரிந்த மண்பாதையைப் பார்த்தார்.

"இடது பக்கம் எறங்கச் சொல்றான் பாய். குறுக்கு வழியாம்."

இறங்கினார்கள். பாதை முதலில் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் மாந்தோப்பு. தோப்புக்கு மேலே, காலை வெயில் பட்டு, அடுக்கடுக்காகப் பாறைக் குன்றுகள் செப்புப் பாத்திரம் கவிழ்த்த மாதிரி பளபளத்தன. இத்தனை வருடம் பக்கத்து ரோட்டிலேயே போயும் இதை ஒருநாளும் பார்த்ததில்லையே என்று நூர் முகமது வாயைப் பிளந்தார். "எந்த நாட்டுக்காரனோ, நம்ம ஊருல நமக்கே தெரியாத இடத்தக் காட்டறான் பாருங்கண்ணா!"

பாதை ஒற்றையடியாகச் சுருங்கி, ஒரு கல்குவாரியின் உதட்டில் போய் முடிந்தது. கீழே நாற்பது அடி ஆழத்தில் பச்சைத் தண்ணீர். குரல் உற்சாகமாக ஏதோ சொன்னது.

"நேராப் போகச் சொல்றானா?" என்று நூர் முகமது மெல்லக் கேட்டார்.

ராயப்பன் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

விறகு பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடி வந்தாள். "ஈ தாரி எக்கடிகீ போதன்னா!" என்று கத்தினாள். இந்த வழி எங்கேயும் போகாதாம். எந்தக் கருவியும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. நூர் முகமதுவும் தெலுங்கிலேயே வழி கேட்டார். அவள் கையை நான்கு விதமாக வளைத்துக் காட்டினாள். அங்குலம் அங்குலமாக வண்டியைப் பின்னால் எடுத்து, அவள் காட்டியபடி இரண்டு ஏரிக்கரை, ஒரு பள்ளிக்கூடம், மூன்று தக்காளித் தோட்டம் தாண்டி வெளியே வந்தால், எதிரே, கிருஷ்ணகிரிக்கு முந்தின ஊரான குந்தாரப்பள்ளி.

நல்ல வேளை என்று நூர் முகமது மூச்சு விட்டார். விட்ட மூச்சு முழுதாக வெளியே வரவில்லை. அன்று குந்தாரப்பள்ளியில் சந்தை.

ஆடு என்றால் ஆடு. கருப்பு, வெள்ளை, செம்மறி, தாடி வைத்தது, தாடி வைக்காதது. வண்டியைச் சுற்றிலும் ஆட்டுக் கடல். ஹாரன் அடித்தால் ஆடுகள் திரும்பிப் பார்த்தன, நகரவில்லை. ஜெர்மன் குரல் அவற்றைப் பார்த்து ஏதோ கட்டளை போட்டது. ஒரு கிடா மட்டும் பதில் சொன்னது.

"இப்ப என்ன சொல்றாண்ணா?"

ராயப்பன் மசாலா டின்னைக் கட்டிக்கொண்டு தலை குனிந்தார். "பாய், ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"மூணு மாசமும் நான் லேத் மிஷின்கிட்டதான் இருந்தேன். காலைல வணக்கத்துக்கு 'குட்டன் மோர்கன்', சாயங்காலம் நன்றிக்கு 'டாங்கே'. அதத் தவிர எனக்கு ஒரு எழவும் தெரியாது பாய்."

நூர் முகமது திரும்பிப் பார்த்தார். "அப்ப காலையிலருந்து சொன்னதெல்லாம்?"

"நீங்க அவ்வளவு ஆசையாக் கேட்டீங்க. எனக்குத் தெரியலைன்னு சொல்ல வாய் வரல."

கோபப்படுவதற்கு நூர் முகமது மூச்சை இழுத்தார். இழுத்த மூச்சில் புதினா வாசம் குப்பென்று அடித்தது. அவிழ்ந்த டிக்கிக் கயிற்றைத் தாண்டி, பத்துப் பன்னிரண்டு ஆடுகள் முன்னங்காலைத் தூக்கி வைத்து விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. அவர் இறங்கி ஓடிப் போய்ச் சேர்ந்தபோது கட்டுகளில் வாழைநார் மட்டும்தான் மிச்சம்.

ஆட்டுக்காரர் துண்டை உதறிக்கொண்டு வந்தார். "மன்னிச்சுக்க பாய். வாயில்லா ஜீவன். வேணும்னா இந்தக் கிடாவ வாங்கிக்க. பாதி மசாலா உள்ளயே இருக்கு, தனியாப் போட வேணாம்."

சந்தையைத் தாண்டி, கிருஷ்ணகிரிக்குள் ராயப்பனை ஞானஸ்நானக் கோயில் வாசலில் இறக்கியபோது பதினொன்று. ராயப்பன் மசாலா டின்னைச் சீட்டில் வைத்துவிட்டு ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "டாங்கே பாய்," என்றார். அதை மட்டும் சரியாகச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

பழைய மேப்புக்கு அந்தப் புதிய மஹால் தெரியவில்லை. திரையில் அந்த இடம் வெறும் வயலாக இருந்தது. நூர் முகமது ஐந்து பேரைக் கேட்டுக் கேட்டு, மஹால் வாசலில் வண்டியை நிறுத்தினார். காலி டிக்கியைத் திரும்பிப் பார்த்தார். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு வீட்டிலும் பந்தி தாமதித்ததில்லை. அவர் தாமதித்தது சொந்த வீட்டுக் கல்யாணத்தில்.

அப்போதுதான் அந்த வாசம் வந்தது.

நெய்யும் கறியும் அரிசியும் ஒன்றோடொன்று சமாதானமாகிவிட்ட வாசம். மூக்கை நம்பாமல் அவர் பின்கட்டுக்கு ஓடினார். நான்கு அண்டாக்கள் வரிசையாக தம்மில் இருந்தன. மூடிகளின் மேல் கனல். முக்காட்டை இழுத்துச் சொருகிக்கொண்டு ரஹமத் பீவி ஒரு மூடியில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னும் இருபது நிமிசம்," என்றாள். அவரைப் பார்த்துச் சொன்னாளா அண்டாவைப் பார்த்துச் சொன்னாளா தெரியவில்லை.

"மசாலா என்கிட்டல்ல இருக்கு!"

"கிருஷ்ணகிரில பட்ட லவங்கம் கெடைக்காதா? இங்கயே அரைச்சுக்கிட்டோம்."

"அளவு?"

"தெனமும் ஒங்களுக்கு அளந்து கொடுக்கறது யாருங்க?"

ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடினார். அவருடைய பிரியாணிதான். அவர் கையே படாத அவருடைய பிரியாணி. இன்னொரு கரண்டி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"நான் லேட்டா வருவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"வெங்காயம் உரிக்க வர்ற தமிழ்செல்வி நேத்து வேன விட்டுட்டா. காலைலயே பஸ்ல மாட்டிக்கிட்டு போன் பண்ணா. சூளகிரிகிட்ட கல்லு விழுந்து கெடக்குதாம். ஒங்களச் சுத்திக்கிட்டு வரச் சொல்லலாம்னு பதினோரு வாட்டி அடிச்சேன், எடுக்கல. சரி, ஆளு வரமாட்டாருன்னு அடுப்ப மூட்டிட்டேன்."

நூர் முகமது தலையை ஆட்டினார். "பாத்தியா? தமிழ்செல்வி மாட்டிக்கிட்ட பொறவுதான் சொன்னா. நம்ம மேடமா இருந்தா மாட்டறதுக்கு முன்னயே சொல்லியிருப்பா."

ரஹமத் பீவி கனலைச் சரிசெய்யப் போய்விட்டாள்.

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. பந்தியும் முடிந்தது. இன்றைக்குத்தான் பாயோட கையில மணம் கூடியிருக்கு என்று நாலு பேர் வந்து சொன்னார்கள். மதியம் சாய்ந்த பிறகு, வேப்பமர நிழலில் நாற்காலி போட்டுச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்தார்கள். நூர் முகமது நடந்ததை எல்லாம் சொன்னார். ஆடு புதினா தின்ற இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஒங்களுக்கு வெளையாட்டா இருக்கு. அது என்னென்ன சொல்லியிருக்குதுன்னு தெரியுமா? போன வருசம் பேரிகைல ஒரு வளைகாப்பு. போற வழியில, இன்னும் பத்து கிலோ அரிசி சேத்து வாங்கிக்கங்கன்னு சொல்லுச்சு. போய்ப் பாத்தா அம்பது பேர் கூட வந்திருக்காங்க! மேலருந்து நாற்காலிய எண்ணியிருக்குது!"

மஹீனின் அண்ணன் ஜீஷான் பெங்களூரில் கார் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை செய்கிறவன். அவன் முகத்தைச் சுருக்கினான். "மேப்பா சொல்லுச்சு? அரிசியவா?"

"பின்ன?"

"பெரியப்பா, அந்தச் சாவியக் கொடுங்க. நான் பாக்கறேன்."

"டேய் ஜீஷான், மாப்பிள்ள வீட்ல ஒன்னத் தேடறாங்க பாரு," என்றாள் ரஹமத் பீவி. கையில் அவருக்காகக் கொண்டுவந்த தண்ணீர்ச் சொம்பு.

"இதோ ஒரு நிமிசம் பெரியம்மா." அவன் சாவியை வாங்கிக்கொண்டு, பத்தடி தள்ளி நின்ற காருக்குள் போய் உட்கார்ந்தான்.

நூர் முகமது தண்ணீரை வாங்கினார். குடிக்காமல் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம்கூட இல்லை. அந்த வெறும் நீலத்துக்கு அந்தப் பக்கம் எங்கேயோ அவள் இருந்தாள்.

"நாலு வருசம்," என்றார் மெல்ல. "எங்க மழ, எங்க கூட்டம், எங்க போலீசு, எத்தன பேருக்குச் சோறு, எல்லாத்தையும் ஒக்காந்து சொல்லிக்கிட்டே வந்தா. நான் ஒருநாள்கூட அவளுக்கு ஒரு நல்ல வார்த்த சொன்னதில்ல."

ரஹமத் பீவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "பரவால்லங்க. அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்."

காருக்குள்ளே ஜெர்மன்காரன் பாதிப் பேச்சில் நின்றான். மேடத்தின் குரல் சன்னமாக ஒருமுறை கேட்டது. நூர் முகமது தண்ணீர்ச் சொம்போடு எழுந்துவிட்டார். ஜீஷான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"பெரியப்பா, இது இன்னைக்கு நின்னதில்ல, ஏழு வருசத்துக்கு முன்னாடியே நிறுத்திட்டதா இதுலயே தேதி போட்டிருக்கு, வண்டிய ஸ்டார்ட் பண்றப்பல்லாம் இந்த மெசேஜ் வந்திருக்குமே, நீங்க பாக்கறதுக்கு முன்ன ஓகே அமுக்குனது யாரு?"